மேசை மேல் அடங்கும் துணிக்கை ஆர்முடுக்கி: உயர்தர மாணவி கேட்ட கேள்விகள்

உப்புவெளி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்ட பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள். கையில் ஒரு செய்தியின் பிரதி. பிளாஸ்மாவை, அதாவது இலத்திரனும் அயனுமாக உடைந்த வாயுவை, பயன்படுத்தினால், இலத்திரன் போன்ற துணிக்கைகளைப் பெருவேகத்துக்குக் கொண்டுபோகும், கிலோமீற்றர் கணக்கில் நீளும் துணிக்கை ஆர்முடுக்கிகளை ஒரு மேசைக்குள் அடக்கிவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. "இது உண்மையா சேர்?" என்றாள்.

அவளுடைய கேள்விகளை அப்படியே தருகிறேன். பிளாஸ்மாவில் நேரேற்றமும் மறையேற்றமும் சமமாக இருக்கின்றன, மொத்தத்தில் அது நடுநிலையானது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் அதற்குள் அவ்வளவு பெரிய மின்புலம் எங்கிருந்து வருகிறது? வழமையான ஆர்முடுக்கியின் உலோகக் குழிக்குள் உண்டாக்க முடியாத புலத்தை ஒரு வாயு எப்படித் தாங்குகிறது? இது உண்மையென்றால் ஜெனீவாவில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள ஆர்முடுக்கி வளையத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

அவளுடைய அம்மம்மாவைக் கதிர்ச் சிகிச்சைக்காக மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வந்த குடும்பம் அது. அந்தச் சிகிச்சை இயந்திரமும் ஓர் ஆர்முடுக்கிதான் என்று அறிந்த நாளிலிருந்து இதைத் தேடிப் படிக்கிறாள். இயந்திரம் சிறிதானால் நம் ஊருக்கும் வருமா என்பது அவள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி என்று நினைக்கிறேன்.

பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. உயர்தரக் கணக்குகளுக்குள் நின்று விளக்கக்கூடியவர்கள் இருந்தால் உதவுங்கள்.

கொட்டியாரம்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் தம்பலகாமத்தைச் சேர்ந்தவள். வட ஜேர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் இலத்திரன் கற்றையைக் குவிக்கும் பிளாஸ்மா வில்லைகளோடு சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். இந்தத் துறையைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி கேட்கிறாள் என்று படித்ததும் உண்டான மகிழ்ச்சியில் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் செய்தியின் தலைப்பு. மேசை மேல் அடங்குவது ஆர்முடுகல் நடக்கும் குழாய் மட்டும்தான். நாங்கள் பயன்படுத்திய குழாய் நீலக்கல்லில் குடையப்பட்டது. உள்ளங்கையில் வைத்துக் காட்டலாம். அதற்குள் போகும் லேசருக்கு ஒரு பெரிய அறை, வெப்பநிலை ஒரு பாகைகூட அசையாத அறை, தேவைப்பட்டது. இதை மறைத்துவிட்டு 'மேசை ஆர்முடுக்கி' என்று தலைப்பிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அதே வேளையில் அந்தக் குழாய்க்குள் நடப்பது உண்மை. பல ஆய்வுகூடங்களில் அளந்து உறுதிசெய்த உண்மை.

உலோகக் குழியின் எல்லையிலிருந்து தொடங்குவோம். வழமையான நேர்கோட்டு ஆர்முடுக்கியில் செப்பிலோ நையோபியத்திலோ செய்த குழிகளுக்குள் ரேடியோ அலைகளை நிரப்பி, அந்த அலையின் மின்புலத்தால் இலத்திரன்களைத் தள்ளுகிறார்கள். ஹாம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசரின் மீகடத்துக் குழிகளில் மீற்றருக்கு ஏறத்தாழ 24 மெகாவோல்ற்றுப் புலம் இருக்கிறது. செப்புக் குழிகளில் மீற்றருக்கு 100 மெகாவோல்ற்று வரை போக முடிந்திருக்கிறது. அதற்கு மேல் புலத்தை ஏற்றினால் சுவரிலிருந்தே இலத்திரன்கள் பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன, பொறி பறக்கிறது, மேற்பரப்பு சிதைகிறது. சக்தி கூட வேண்டுமானால் குழிகளை வரிசையாக நீட்டிக்கொண்டே போக வேண்டும். கிலோமீற்றர்கள் அப்படித்தான் வருகின்றன.

பிளாஸ்மாவில் அணுக்கள் ஏற்கெனவே உடைந்துவிட்டன. இலத்திரன் வேறு, அயன் வேறாகக் கிடக்கிறது. மின்புலம் உடைப்பதற்கு அங்கே மிச்சம் எதுவும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

முதல் கேள்வி அதைவிட அழகானது. பிளாஸ்மா மொத்தத்தில் நடுநிலையானது என்பது சரி. ஆனால் இலத்திரனும் அயனும் சம எடை கொண்டவை அல்ல. ஐதரசனை எடுத்துக்கொண்டால் அயன் என்பது ஒரு புரோத்தன். அது இலத்திரனைவிட 1836 மடங்கு கனமானது. மிகக் குறுகிய, மிகச் செறிவான லேசர்த் துடிப்பு ஒன்று அதற்குள் பாய்ந்தால் அதன் அழுத்தம் இலத்திரன்களைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளுகிறது. கனமான அயன்கள் அந்த நேரத்துக்குள் அசைவதில்லை. துடிப்புக்குப் பின்னால் ஒரு கணம் அயன்கள் மட்டும் நிற்கும் நேரேற்றப் பகுதி உருவாகிறது. ஒதுக்கப்பட்ட இலத்திரன்களை அது திரும்ப இழுக்கிறது, அவை வந்த வேகத்தில் நடுவைத் தாண்டிப் போகின்றன, மறுபடி இழுபடுகின்றன. மொத்த ஏற்றம் எப்போதும் பூச்சியம்தான். ஆனால் இடத்துக்கு இடம் அது பிரிந்து நிற்கிறது, பிரிந்து நிற்கும் இடத்தில் புலம் பிறக்கிறது.

எவ்வளவு புலம்? இதை அந்தப் பிள்ளையே கணிக்கட்டும். சமாந்தரத் தட்டுக் கொள்ளளவிக்குக் கவுசின் விதியைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும். இலத்திரன்கள் எல்லாம் x தூரம் விலகினால் உண்டாகும் புலம் n (இலத்திரன் அடர்த்தி), e (இலத்திரனின் ஏற்றம்), x ஆகியவற்றின் பெருக்கத்தை ε₀ ஆல் வகுத்தது. கன மீற்றருக்கு 10²⁴ இலத்திரன்கள் என்று வையுங்கள். நாம் சுவாசிக்கும் வளியில் உள்ள மூலக்கூறுகளோடு பார்த்தால் இது அதன் நூற்றில் நான்கு பங்கு. அவ்வளவு மெல்லிய வாயு. இந்த அடர்த்தியில் பிளாஸ்மா அலையின் அலைநீளம் 33 மைக்கிரோமீற்றர். அதை 2π ஆல் வகுத்தால் வரும் 5.3 மைக்கிரோமீற்றரை x ஆகப் பிரதியிடுங்கள். மீற்றருக்கு ஏறக்குறைய 96 கிகாவோல்ற்று வரும். செப்புக் குழியின் எல்லையைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இந்தக் கணக்கைத் தன் கையால் செய்து பார்த்த மாணவர் வேறு எந்த விளக்கத்தையும் எதிர்பார்க்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

அலை நகர்வதை மட்டும் மனக்கண்ணில் காண வேண்டுமென்றால் கொட்டியாரக்குடாவைக் கடக்கும் மூதூர்ப் படகைப் பார்க்கச் சொல்லுங்கள். படகு லேசர்த் துடிப்பு. அதன் பின்னால் எழும் அலை படகின் வேகத்திலேயே தொடர்ந்து வருகிறது. அந்த அலையின் முன்சரிவில் ஒரு பலகை சரியாக அகப்பட்டால் அலை அதைத் தள்ளிக்கொண்டே வரும். நாம் ஆர்முடுக்க விரும்பும் இலத்திரன் கொத்துதான் அந்தப் பலகை. ஆனால் ஒன்று: லேசர்த் துடிப்பு பிளாஸ்மாவுக்குள் ஒளியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகப் போகிறது. இலத்திரனோ விரைவில் ஒளிவேகத்தை நெருங்கிவிடுகிறது. ஆகவே அது மெல்ல மெல்ல முன்னேறிச் சரிவைத் தாண்டிவிடுகிறது. நான் சொன்ன அடர்த்தியில் சில சென்ரிமீற்றருக்குள் இது நடந்துவிடும். அடர்த்தியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இந்தத் தூரம் முப்பது மடங்குக்கு மேல் கூடும். ஆனால் புலம் மூன்றில் ஒன்றாகும். எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நீளம் என்ற பேரம் எல்லா ஆய்வுகூடங்களிலும் ஓயாமல் நடக்கிறது.

ஜெனீவா வளையத்தின் கதை வேறு. அங்கே சுற்றுவது புரோத்தன்கள். ஒரே குழிகளை அவை மீண்டும் மீண்டும் கடக்கின்றன. வளையம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் ஆர்முடுக்கும் புலத்தின் குறைவு இல்லை. கற்றையை வளைத்து வைத்திருக்கும் காந்தங்களின் எல்லைதான் காரணம். 8 தெசுலாவை ஒட்டிய காந்தப்புலத்தால் 7 டெரா இலத்திரன்வோல்ற்றுப் புரோத்தனை அதைவிடச் சிறிய வட்டத்தில் வளைக்க முடியாது. (ஓர் இலத்திரன் ஒரு வோல்ற்று அழுத்த வேறுபாட்டைக் கடந்தால் பெறும் சக்திதான் ஓர் இலத்திரன்வோல்ற்று.) பிளாஸ்மா உதவக்கூடியது இலத்திரன்களுக்கான நேர்கோட்டு இயந்திரங்களில். இலத்திரனை வளையத்தில் சுற்றவிட்டால் சக்தியைக் கதிர்வீச்சாக இழந்துவிடும். அதனால்தான் மிக உயர்ந்த சக்திக்கு நேர்கோடு, நேர்கோட்டுக்கு நீளம்.

கதிர்ப் பிரிவு:

நானும் திருகோணமலைதான். வேறு மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். மாணவி வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

6 மெகாவோல்ற்றுச் சிகிச்சை இயந்திரத்துக்குள் இலத்திரனை ஆர்முடுக்கும் குழாய் ஒரு பள்ளி அடிமட்டத்தின் நீளம் அளவுக்குக் குறுகியதாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு இலத்திரன்கள் ஓர் உலோக இலக்கில் மோதி எக்ஸ்-கதிராகின்றன. நோயாளியைச் சுற்றிச் சுழலும் பெரிய கை, கற்றையை வடிவமைக்கும் உலோக இலைகள், கட்டில், படமெடுக்கும் பகுதி எல்லாம் சேர்ந்துதான் அந்த இயந்திரம் பெரிதாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிது அறையின் சுவர். கற்றை நேரே படும் பக்கத்தில் கொங்கிறீற்றின் தடிப்பு 2 மீற்றரை நெருங்கும். குழாயை விரல் அளவாகச் சுருக்கினாலும் அந்தச் சுவர் மெலியாது. கதிர் கதிர்தானே.

ஆகவே ஓர் ஊருக்கு இந்தச் சிகிச்சை வருவதும் வராததும் குழாயின் நீளத்தில் தங்கியிருக்கவில்லை. புற்றுநோய் மருத்துவர், மருத்துவப் பௌதிகவியலாளர், கதிர்ச் சிகிச்சையாளர், தடையில்லாத மின்சாரம், பழுதானால் அன்றே வந்து பார்க்கும் பொறியியலாளர் ஆகியோரும் ஆகியனவும் வேண்டும். அந்தப் பிள்ளை மருத்துவப் பௌதிகவியல் படித்துத் திரும்பி வந்தால் இந்தப் பட்டியலில் ஓர் இடம் நிரம்பும். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் அன்றாடம் காணும் தேவை அது.

இருந்தாலும் பிளாஸ்மாவுக்கு எங்கள் துறையில் ஒரு வாசல் இருக்கிறது. இப்போதைய இயந்திரங்களின் இலத்திரன் கற்றை உடலுக்குள் சில சென்ரிமீற்றரே போகும். தோலுக்கு அருகிலுள்ள கட்டிகளுக்குத்தான் அது பொருந்தும். 50 முதல் 250 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள இலத்திரன்களானால் உடலின் ஆழத்திலுள்ள கட்டியையும் எட்டும். வழமையான குழிகளால் அந்தச் சக்தியை எட்டுவதற்கு நீளமான இயந்திரம் வேண்டும், மருத்துவமனைக்குள் அதற்கு இடம் தேட வேண்டும். பிளாஸ்மாவுக்கு இது சில மில்லிமீற்றர் வேலை. இதைப் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. நோயாளிகளுக்கான வழமையான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

கிண்ணியா பொறியியலாளர்:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகத்தை வெளிப்படையாகக் கேட்கிறேன், சகோதரி தவறாக நினைக்க வேண்டாம். இந்த யோசனை 1979இல் வந்தது என்று படித்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 'விரைவில் வரும்' என்றுதானே சொல்கிறார்கள்? நான் மின் துறையில் இருப்பவன். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை பங்கு கற்றைக்குப் போகிறது என்பதை இந்தச் செய்திகளில் ஒருவரும் எழுதுவதில்லை. குழாய் சிறிதானால் போதுமா?

கொட்டியாரம்:

கிண்ணியா அண்ணா, தவறாக நினைக்க ஒன்றுமில்லை. போதாது. நான் இந்தத் துறையில் வேலை செய்ததே அதனால்தான்.

1979இல் அந்த யோசனையை எழுதியவர்கள் தொஷிக்கி தாஜிமாவும் ஜோன் டோசனும். அன்றைக்கு அதற்கான லேசர் உலகில் இருக்கவில்லை. துடிப்பை நீட்டிப் பெருக்கிப் பிறகு மறுபடி சுருக்கும் முறையை 1985இல் டொன்னா ஸ்றிக்லண்டும் ஜெரார்ட் மூருவும் செய்து காட்டினார்கள். 2018இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் அதற்காகத்தான். அதற்குப் பிறகும் நெடுங்காலம் வெளியே வந்த இலத்திரன்கள் ஆளுக்கொரு சக்தியில் சிதறி வந்தன. 2004இல் பிரித்தானியா, பிரான்சு, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் குழுக்கள் ஒரே சமயத்தில், ஏறக்குறைய ஒரே சக்தியுள்ள கொத்துகளைப் பெற்றதாக அறிவித்தன. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் வயதை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். 2006இல் அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில் 3.3 சென்ரிமீற்றர்க் குழாயில் 1 கிகா இலத்திரன்வோல்ற்று. 2014இல் அங்கேயே 9 சென்ரிமீற்றரில் 4.2. 2019இல் 20 சென்ரிமீற்றரில் 7.8.

லேசருக்குப் பதிலாக இன்னொரு துணிக்கைக் கற்றையாலும் அலையை எழுப்பலாம். 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வெளியான முடிவு என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. அங்குள்ள நேர்கோட்டு ஆர்முடுக்கியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஓடி 42 கிகா இலத்திரன்வோல்ற்றுப் பெற்ற இலத்திரன்களில் சில, 85 சென்ரிமீற்றர்ப் பிளாஸ்மாவுக்குள் அந்தச் சக்தியை இரட்டிப்பாக்கிக்கொண்டன. 'சில' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கொத்தின் பெரும்பகுதி சக்தியை இழந்தது, அது கொடுத்த சக்தியைத்தான் வால்பகுதி வாங்கிக்கொண்டது. அலையை எழுப்பிய கற்றைக்கு அந்த 3 கிலோமீற்றரும் தேவைப்பட்டது. ஜெனீவாவில் புரோத்தன் கற்றையால் 10 மீற்றர் ருபீடியப் பிளாஸ்மாவில் அலை எழுப்பி 2018இல் இலத்திரன்களை 2 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு உயர்த்தினார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். ஒரு குழாய் சக்தியைக் கொடுத்துவிட்டது. அடுத்த குழாய்க்குள் அதே கொத்தை எப்படிச் செலுத்துவது? குழாயிலிருந்து வெளியே வரும் இலத்திரன்கள் உடனே விரிந்து போகின்றன. அவற்றைப் பிடித்துக் குவிக்க வழமையான காந்த வில்லைகளை வைத்தால் அவை ஒரு திசையில் குவிக்கும், செங்குத்துத் திசையில் விரிக்கும். இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் பல மீற்றர்கள் போய்விடும். குழாய் 20 சென்ரிமீற்றர், இடைவெளி சில மீற்றர் என்றால் நாம் எதைச் சுருக்கினோம்?

ஆகவே பிளாஸ்மா ஆர்முடுக்குவதோடு நின்றால் போதாது. வில்லையின் வேலையையும் ஆடியின் வேலையையும் அதுவே செய்ய வேண்டும். இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது.

பிளாஸ்மா வில்லையை ஆசிரியர் ஐயா நாளைக்கே வகுப்பில் கணக்காகக் கொடுக்கலாம். நீலக்கல்லில் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை. அதற்குள் ஐதரசனோ ஈலியமோ ஆகனோ. இரு முனைகளிலும் பல ஆயிரம் வோல்ற்றைக் கொடுத்தால் வாயு உடைந்து, பல நூறு அம்பியர் மின்னோட்டம் அதனூடாக ஓடும். இலத்திரன் கற்றையும் அதே துளை வழியே போகிறது. அம்பியரின் விதிப்படி, மின்னோட்டத்துக்கு உள்ளே காந்தப்புலம் மையத்திலிருந்து விலக விலக நேர்விகிதத்தில் கூடும். மையத்தில் போகும் இலத்திரனுக்குத் தள்ளு இல்லை, ஓரத்தில் போவதற்குக் கூடுதலான தள்ளு, எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி. குவிப்பதற்கு வேறென்ன வேண்டும்? 500 அம்பியர், ஆரை கால் மில்லிமீற்றர் என்று பிரதியிட்டால் மீற்றருக்கு 1600 தெசுலா என்ற சாய்வு வரும். பேர்க்லியில் 3000ஐயும் தாண்டியிருக்கிறார்கள். வழமையான காந்தங்களில் சில நூறைத் தாண்டுவதே பெரும்பாடு. இந்த வில்லை புதியதும் அன்று; பனோஃப்ஸ்கியும் பேக்கரும் 1950இலேயே இதைச் செய்து பார்த்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். துளையின் நடுவில் வாயு சூடாகவும் சுவரோரம் குளிராகவும் இருப்பதால் மின்னோட்டம் நடுவில் நெரிந்து ஓடுகிறது. புலம் நேர்கோட்டிலிருந்து வளைகிறது. கற்றையின் தரம் கெடுகிறது. ஈலியத்தை விட்டு ஆகனைப் போட்டால் இது வெகுவாகச் சீராகிறது. இரவுகளில் அளவீட்டு அறையில் உட்கார்ந்து அந்த ஊதா ஒளி ஒவ்வொரு துடிப்புக்கும் பளிச்சிடுவதைக் கமராவில் பார்த்துக்கொண்டிருப்போம். அதில் இருந்த நிறைவை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஆடி எதற்கென்றால், இரண்டாவது குழாய்க்குப் புதிய லேசர்த் துடிப்பை உள்ளே திருப்ப வேண்டும். சாதாரண ஆடியை அவ்வளவு அருகில் வைத்தால் எரிந்துவிடும். அதனால் ஓடிக்கொண்டே இருக்கும் மெல்லிய நாடா ஒன்றை வைக்கிறார்கள். துடிப்பின் முனை பட்டதும் நாடாவின் மேற்பரப்பு பிளாஸ்மாவாகி ஆடியாகிறது, மீதித் துடிப்பைத் திருப்பி அனுப்புகிறது. அடுத்த துடிப்பு வருவதற்குள் நாடா நகர்ந்து புதிய இடத்தைக் கொடுக்கும். ஒரு குழாய், பிளாஸ்மா வில்லை, இந்த நாடா ஆடி, இன்னொரு குழாய் என்று கோத்து, இரண்டாம் குழாயில் ஏறத்தாழ 100 மெகா இலத்திரன்வோல்ற்றுக் கூடுதலாகப் பெற்றதை 2016இல் பேர்க்லி குழு வெளியிட்டது. எண் சிறிது. ஆனால் கோக்க முடியும் என்பது நிறுவப்பட்டது.

மின்சாரக் கணக்கில் நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். இந்த வேலைக்குப் பயன்படும் தைத்தேனிய நீலக்கல் லேசர்களின் வினைத்திறன் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. பேர்க்லியின் லேசர் ஒரு துடிப்பில் 40 யூல் கொடுக்கும்; செக்கனுக்கு ஒரு துடிப்புதான். சராசரி 40 வாற்று, ஒரு குமிழ் விளக்கின் வலு. துணிக்கை மோதிகளுக்கு, அதாவது துணிக்கைகளை நேருக்கு நேர் மோதவிடும் இயந்திரங்களுக்கு, கற்றையிலேயே மெகாவாற்றுக் கணக்கில் வேண்டும். செக்கனுக்கு ஆயிரம் துடிப்புகள் தரும், வினைத்திறன் கூடிய லேசர்கள் வந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். பிளாஸ்மா அதற்குத் தடையாக நிற்காது என்று மட்டும் தெரிகிறது: அலை போன பிறகு பிளாஸ்மா பழைய நிலைக்குத் திரும்ப 63 நனோ செக்கன் போதும் என்று 2022இல் ஹாம்பர்க்கில் அளந்தார்கள்.

பொசித்திரன், அதாவது நேரேற்றம் கொண்ட எதிர் இலத்திரன், இன்னும் பெரிய சிக்கல். இலத்திரன்கள் ஒதுங்கிய நேரேற்றக் குமிழி இலத்திரனை நடுவில் பிடித்து வைக்கும். பொசித்திரனை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் 2023இல் ஒரு குழு, இலத்திரனைப் பிளாஸ்மாவால் 500 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கும் பொசித்திரனை வழமையான குழிகளால் 31க்கும் கொண்டுபோய் மோதவிட்டு ஹிக்ஸ் துணிக்கைகளை உண்டாக்கும் சமச்சீரற்ற இயந்திரத்தை முன்மொழிந்தது. மொத்த நீளம் 3.3 கிலோமீற்றர் என்று கணக்கிட்டார்கள். அது இன்னும் தாளில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லாம் மோதிகளுக்காகவே என்று எண்ண வேண்டாம். 2021இல் ஷாங்காயில், பிளாஸ்மாவில் ஆர்முடுக்கிய இலத்திரன்களைக் கொண்டு 27 நனோமீற்றர் அலைநீளத்தில் லேசர் ஒளியைப் பெருக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியின் ஃப்ரஸ்காட்டியில், கற்றையால் எழுப்பிய பிளாஸ்மா அலையைக் கொண்டு அதே வகை வேலையைச் செய்தார்கள். சீராக இல்லாத கற்றையால் இதைச் செய்யவே முடியாது. மூலக்கூறுகளைப் படம்பிடிக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் ஒன்று பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றுக்குள் அடங்கும் நாள் மோதிகளுக்கு வெகு முன்னரே வரும் என்று நம்புகிறேன்.

உப்புவெளி ஆசிரியர்:

மூவருக்கும் என் நன்றி. கவுசின் விதிக் கணக்கைக் கரும்பலகையில் செய்தோம். 96 என்ற எண் வந்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த மாணவி அடர்த்தியை மாற்றி மாற்றிப் போட்டு, புலம் அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு போகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். கதிர்ப் பிரிவில் பணிபுரியும் உறவு எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். சுவர் மெலியாது என்பதைக் கேட்டு முகம் வாடினாலும், "அப்படியென்றால் ஆட்கள்தான் வேண்டும்" என்றாள்.

இப்போது இன்னும் இரண்டு கேள்விகள். பலகையைச் சரியான சரிவில் போடுவது யார், அதாவது ஆர்முடுக்கப்படும் இலத்திரன்கள் எங்கிருந்து வருகின்றன? மற்றது, லேசர் இல்லாத நம் ஊரில் இருந்துகொண்டு இதில் ஏதாவது செய்ய முடியுமா?

கொட்டியாரம்:

ஐயா, வர்க்கமூலத்தைத் தானாகக் கண்டுபிடித்தவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

இலத்திரன்கள் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்மாவிலிருந்தே வருகின்றன. அலை போதிய அளவு பலமாக இருந்தால் ஒதுங்கித் திரும்பும் இலத்திரன்களில் சில குமிழியின் பின்பக்கத்தில் அகப்பட்டு அதோடு ஓடத் தொடங்கும். இது தற்செயலுக்கு விட்டதுபோல இருப்பதால் அதைக் கட்டுப்படுத்தப் பல வழிகள் கண்டார்கள். ஐதரசனில் சிறிதளவு நைதரசனைக் கலப்பது ஒன்று. நைதரசனின் உள்ளோட்டு இலத்திரன்கள் இறுகப் பிணைந்தவை. லேசரின் உச்சச் செறிவில்தான் விடுபடும். அப்போது அவை குமிழிக்குள்ளேயே பிறக்கின்றன. வாயுவின் அடர்த்தியை ஓரிடத்தில் சட்டென்று குறைத்தால் குமிழி நீண்டு பின்சுவர் தாமதிக்கும், அங்கேயும் இலத்திரன்கள் ஏறிக்கொள்ளும். ஏறும் இடம் சில மைக்கிரோமீற்றர் தவறினாலும் சக்தி மாறிவிடும். கற்றையின் சீர் என்று நான் சொன்னதெல்லாம் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: முடியும். இந்தத் துறையில் கணினியில் செய்து பார்க்காமல் யாரும் லேசரைத் தொடுவதில்லை. பிளாஸ்மாவைப் பல்லாயிரம் துணிக்கைகளாகவும் வெளியைக் கட்டங்களாகவும் பிரித்து, புலத்தையும் நகர்வையும் மாறி மாறிக் கணிக்கும் நிரல்கள் இருக்கின்றன. வார்ப்பெக்ஸ் என்பது அதில் ஒன்று. உலகின் மிகப் பெரிய கணினிகளில் ஓடி 2022இல் கணினித் துறையின் கோர்டன் பெல் பரிசை வென்றது. அதே நிரலை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். மடிக்கணினியில் முப்பரிமாணத்தில் ஓட்ட முடியாது. ஒரு பரிமாணத்தில் தாராளமாக ஓடும். அதற்கும் முன்னால், நூறு வரிக்குள் பைத்தன் நிரலாக அவளே ஒன்றை எழுத வேண்டும் என்பது என் விருப்பம். இலத்திரன் தகடுகள், நிலையான அயன்கள், நீங்கள் கரும்பலகையில் எழுதிய அதே கவுசின் விதி. ஒரு தகட்டைச் சற்று நகர்த்திவிட்டு என்ன நடக்கிறதென்று பார்க்கட்டும். எளிய இசை இயக்கம் வரும். உயர்தரத்தில் ஊசலுக்குப் படித்தது இங்கே பிளாஸ்மாவில் திரும்பி வருவதைக் கண்டால் அவளுக்குப் பாதி வழி திறந்துவிடும். பிறகு நகர்த்தலைக் கூட்டிக்கொண்டே போய், தகடுகள் ஒன்றையொன்று தாண்டும் கட்டத்தில் அலை எப்படி உடைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைகளில் எனக்கு ஓய்வு. தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். நீங்கள் விரும்பினால் என் மடிக்கணினியையும், உடைந்துபோனதால் ஆய்வுகூடத்தார் என்னிடமே விட்டுவிட்ட நீலக்கல் குழாய் ஒன்றையும் கொண்டுவருகிறேன். துளையை ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

கிண்ணியா பொறியியலாளர்:

வினைத்திறனுக்கு நேரான பதில் கிடைத்தது, நன்றி சகோதரி. ஐயா, மின்வெட்டு வந்தால் வகுப்பு தடைப்படக் கூடாது. என்னிடம் ஒரு சிறிய மாற்றியும் மின்கலமும் இருக்கின்றன. மடிக்கணினிக்கும் ஒளிப்பட எறிவைக்கும் போதும். எந்தச் சனிக்கிழமை என்று எழுதுங்கள், கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறேன். அந்தக் குழாயை நானும் பார்க்க வேண்டும்.

உப்புவெளி ஆசிரியர்:

வருகிற சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். மாணவி நிரலை எழுதத் தொடங்கிவிட்டாள். தகடுகள் இப்போது ஒரே பக்கமாக ஓடிப்போகின்றனவாம், எங்கேயோ கழித்தல் குறி மாறியிருக்கிறது. நீங்கள் வருவதற்குள் தானே திருத்திவிடுவதாகச் சொல்கிறாள்.